கையெழுத்துப் போடும் முன்

“நோட்டீஸைப் படிக்கவில்லையா?” என்று வேலையிடத்தில் திட்டு வாங்கும் நம் பிள்ளைகள் எழுத்தறியாதவர்கள் அல்லர். விஷயம் வந்த வடிவம்தான் பலருக்கு ஒத்துவருவதில்லை.

நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்து தெரியாமலே தமிழ் படித்தவர்கள். குர்ஆன் ஓதிப் பழகிய அரபு எழுத்திலேயே தமிழை எழுதிய அரபுத்தமிழ் கிதாபுகள் அவர்களுக்கு மார்க்கச் சட்டங்களைக் கற்றுக்கொடுத்தன. முதலில் தமிழ் எழுத்தைக் கற்று வாருங்கள் என்று அன்றைய ஆலிம்கள் காத்திருக்கவில்லை.

மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கும் மாமல்லபுரம் ஓட்டல்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களிடமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறோம். ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வந்தால் போதும். இன்னொருவருக்குத் தாளில் கோடிட்டுப் படித்தால்தான் மனதில் பதியும். சிலருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். ரசாயன டிரம்மில் சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் படம் இருந்தால், எளிதில் தீப்பற்றும் என்று எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும். சட்டப்படி தொழிற்சாலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள், ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

ஆகவே வேலை ஒப்பந்தமோ பாதுகாப்பு விதியோ கைக்கு வந்தால், தமிழில் கேளுங்கள். வீட்டில் வைத்துப் படிக்க அவகாசம் கேளுங்கள். கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டால், சம்பளப் பிடித்தம் என்னவென்று பிறகுதான் தெரியவரும். அஸருக்குப் பின் தாளோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக் காட்டுகிறோம்.