அஜந்தாவில் தங்குதல்: பௌத்தப் பள்ளியின் அமைப்பும் களஆய்வின் கால அளவும்

ஆய்வுச்சுருக்கம்

மகாராட்டிர மாநிலத்தின் அஜந்தா, மக்கள் வாழிடங்களிலிருந்து விலகிய மலைப்பள்ளத்தாக்கில் அமைந்த பௌத்தக் குடைவரைத் தொகுதி. இன்று அதனைக் காணச் செல்வோருள் பெரும்பாலோர் ஒரு பகற்பொழுதில் பார்த்துத் திரும்புகின்றனர். ஆனால், அத்தளம் துறவியர் மாதக்கணக்கில் தங்குவதற்கென்றே குடையப்பட்டது. அதனைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதியும் அதன் அருகில் நெடுங்காலம் தங்கியவர்களால் உருவானது. தங்குதல் தந்த அறிவையும் அதனால் ஓவியங்களுக்கு நேர்ந்த கேட்டையும் ஒருசேர எடுத்துரைத்து, இன்றைய களஆய்வாளர் தம் பயணத்தை எவ்வாறு வகுத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அஜந்தா, குடைவரை, பள்ளி, கார்காலத் தங்கல், சுவரோவியம், படியெடுத்தல், களஆய்வு

முன்னுரை

அஜந்தாவின் குகைகள் வாகோரா ஆறு குதிரைலாட வடிவில் வளைந்து செல்லும் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் குடையப்பட்டவை. முற்றுப்பெற்றவையும் முற்றுப்பெறாதவையுமாக ஏறத்தாழ முப்பது குகைகள் இங்குள்ளன. இவற்றுள் 9, 10, 19, 26, 29 ஆகிய எண்ணுடையவை வழிபாட்டுக்குரிய சைத்தியங்கள். ஏனையவற்றுள் பெரும்பாலானவை துறவியர் உறைவிடங்களான விகாரங்கள். முதற்கட்டக் குகைகள் கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. இரண்டாம் கட்டக் குகைகள் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாகாடக மன்னன் அரிசேனன் காலத்தை ஒட்டி எழுந்தவை. 1983இல் யுனெஸ்கோ இத்தொகுதியை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது.

அஜந்தாவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஓவியத்தின் அழகியலையும் காலக்கணிப்பையும் பேசுகின்றன. அங்கே தங்குதல் என்னும் செயல் தளத்தின் அமைப்போடும் அதனைப் பற்றிய ஆய்வோடும் கொண்டுள்ள உறவு போதிய கவனம் பெறவேண்டியதாகும்.

1. கார்காலத் தங்கலும் தளத்தின் அமைப்பும்

பௌத்தத் துறவியர் ஊர் ஊராகச் செல்லும் இயல்பினர். எனினும், மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் ஓரிடத்தில் தங்கியிருத்தல் வேண்டும் என்பது விநயம் வகுத்த நெறி. இதனைப் பாலி மொழி ‘வஸ்ஸாவாசம்’ என்று குறிக்கும். சங்கத்தார் உறையும் இடம் ஊருக்கு மிக அண்மையிலோ மிகச் சேய்மையிலோ இருத்தலாகாது என்னும் கருத்தும் விநய நூலிற் காணப்படுகிறது. உணவுக்கு ஊர் வேண்டும். தியானத்திற்கு ஊரின் ஆரவாரம் எட்டாத தொலைவு வேண்டும். அஜந்தா இவ்விரண்டிற்கும் இடம் தருகிறது. தக்காணப் பீடபூமியிலிருந்து வடக்கே தபதிச் சமவெளிக்கு இறங்கும் மலைவழி இதன் அருகிற் செல்கிறது. வணிகரும் அரசு அலுவலரும் பயன்படுத்திய அவ்வழியே குகைகளுக்குக் கொடையாளரைக் கொணர்ந்தது. எனவே அஜந்தாவின் ஒதுக்கம் பெருவழியை விட்டுச் சில நாழிகை நடைத்தொலைவில் அமைந்த ஒதுக்கமே.

இத்தன்மையைக் குகைகளின் உறுப்புகள் உறுதிசெய்கின்றன. முதற்கட்டத்தைச் சார்ந்த 12ஆம் குகையில் நடுக்கூடத்தின் மூன்று பக்கங்களிலும் பக்கத்திற்கு நான்காகப் பன்னிரண்டு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் இரண்டு கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்த்தப்பட்டுள்ளது. பல குகைகளுக்கு அருகில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் பாறைத்தொட்டிகள் உள்ளன. இன்று குகைகளை இணைக்கும் நடைபாதை பிற்காலத்தது. முற்காலத்தில் குகைகளிலிருந்து தனித்தனிப் படிகள் ஆற்றுக்கு இறங்கின.

தமிழ் ஆய்வாளருக்குக் கற்படுக்கை புதிதன்று. பாண்டிய நாட்டு மலைக்குகைகளில் சமணத் துறவியர்க்கு வெட்டப்பட்ட படுக்கைகளும் அவற்றை ஒட்டிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்தவை. படுக்கையையும் துறவியர் உறைவிடத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘பள்ளி’ என்னும் தமிழ்ச்சொல், அஜந்தாவின் விகாரங்களுக்கும் பொருந்துவதாகும். சமயம் வேறு, கொடையாளர் வேறு, கட்டடக்கலை மரபும் வேறு. இருப்பினும், நடந்து திரிபவர் மழைக்குத் தங்கும் இடம் என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொது.

இரண்டாம் கட்டத்திலும் இவ்வடிப்படை மாறவில்லை. அரிசேனனின் அமைச்சன் வராகதேவன் குடைவித்த 16ஆம் குகையின் வடமொழிக் கல்வெட்டு, அதனைச் சாளரங்களும் கதவுகளும் ஓவியங்களும் உடைய துறவியர் உறைவிடமாகவே வருணிக்கிறது. நீர்நிலையையும் நாகர்தலைவன் கோயிலையும் அதன் உறுப்புகளாகக் கூறுகிறது. ஓவியம் உறைவிடத்தின் அணி. அதனைப் பார்ப்பவர் அங்கேயே வாழ்ந்தவர். ஒரே சுவரை விடியலின் ஒளியிலும் விளக்கொளியிலும் பலநாள் கண்டவர்களுக்காகவே அவ்வோவியங்கள் தீட்டப்பட்டன என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

2. மறுகண்டுபிடிப்பும் படியெடுப்பும்

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், மகாராட்டிரத்தின் கிழக்கெல்லையில் மலைப்பள்ளத்தாக்கில் அமைந்த ஒரு சங்காராமத்தையும் அதன் வாயிற்புறத்துக் கல்யானைகளையும் குறிப்பிடுகிறார். 16ஆம் குகைக்கு ஏறும் வாயிலில் இன்றும் இரண்டு கல்யானைகள் உள்ளன. அதனைக் கட்டியவராக அவர் கூறும் துறவியின் பெயர், 26ஆம் குகைக் கல்வெட்டில் வரும் அசலர் என்னும் பெயரோடு ஒத்துவருவதாக ஆய்வாளர் கருதுவர்.

1819 ஏப்ரல் 28ஆம் நாள், சென்னை மாகாணப் படையின் 28ஆம் குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஸ்மித் வேட்டைக்கு வந்தபோது குகைகளைக் கண்டார். 10ஆம் குகையின் தூணொன்றில் அவர் கீறிய பெயரும் நாளும் இன்றைய தரைமட்டத்திலிருந்து ஆளுயரத்திற்கும் மேலே உள்ளன. அன்று குகைக்குள் மண்ணும் இடிபாடும் அவ்வளவு உயரம் நிரம்பியிருந்தன என்பதற்கு அதுவே சான்று.

ஸ்மித் ஒருநாள் வருகையாளர். அவருக்குப் பின் வந்தவர்கள் தங்கியவர்கள். சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில், ஓவியங்களைப் படியெடுக்க 1844இல் அமர்த்தப்பட்டார். அஜந்தா ஊரில் தங்கிப் பல்லாண்டுகள் உழைத்த அவர், 1879இல் இறந்து, வடக்கே உள்ள புசாவலில் அடக்கம் செய்யப்பட்டார். இலண்டனின் சிடனம் படிக மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவருடைய படிகள் 1866இல் தீக்கிரையாயின. பின்னர், பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிபித்ஸ் 1872 முதல் மாணவர்களுடன் படியெடுத்தார். அவற்றுட் பலவும் 1885இல் இலண்டனில் நேர்ந்த தீயில் அழிந்தன. 1916இல் இந்தியா வந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவும் அஜந்தாவில் படியெடுத்தார். அப்படிகள் 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் அழிந்தன.

இவ்வரிசையில் கிறிஸ்டியானா ஹெரிங்காம் அம்மையாரின் பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களில் அவர் குகைகளுக்கு அருகிலுள்ள பர்தாப்பூரில் கூடாரமிட்டுத் தங்கினார். நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார், சமரேந்திரநாத் குப்தா, கே. வெங்கடப்பா முதலிய இளம் ஓவியர் அவருடன் பணியாற்றினர். அப்படிகள் 1915இல் நூலாக வெளிவந்தன. பர்தாப்பூர்க் கூடாரங்களில் கழிந்த அந்நாட்கள் வங்கக் கலைமரபின் கோட்டிலும் வண்ணத்திலும் அஜந்தாவின் தாக்கம் வேரூன்ற வழிசெய்தன.

3. தங்கலின் விலை

தங்கியவர்கள் அறிவை ஈட்டித் தந்தனர்; அதற்கு ஓவியங்கள் விலை கொடுத்தன. அஜந்தா ஓவியம் ஈரச்சுண்ணத்தில் தீட்டப்பட்டதன்று. பாறையின் மேல் வைக்கோல், உமி முதலியன கலந்த மண்பூச்சு, அதன் மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு, உலர்ந்த அதன் மேல் பசையிற் குழைத்த நிறம் என அது அமைந்தது. ஆகவே ஈரமும் பூச்சியும் வௌவாலின் எச்சமும் அதனை எளிதிற் சிதைப்பன. படியெடுக்க வந்தவர்கள் மங்கிய நிறம் தெளிவாகத் தோன்றும்பொருட்டுச் சுவரின் மேல் வார்னிஷ் பூசினர். காலப்போக்கில் அது பழுப்பேறி, அடியிலுள்ள நிறத்தை மறைத்ததோடு, உரிந்தபோது நிறத்தையும் உடன் பெயர்த்தது. ஐதராபாத் நிசாம் அரசு 1920–22இல் இத்தாலிய வல்லுநர்களான செக்கோனி, ஓர்சினி இருவரையும் அழைத்தது. பெயர்ந்து தொங்கிய பூச்சுகளைப் பாறையோடு ஒட்டி அவர்கள் காத்தனர். அவர்கள் பயன்படுத்திய அரக்குக் கரைசலும் பின்னாளில் மஞ்சளித்தது. அக்காலத்தில் தொல்லியல் துறையை நடத்திய குலாம் யஸ்தானி 1930 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட அஜந்தா நூல், அன்றைய நிலையைக் காட்டும் இன்றியமையாத ஆவணம்.

4. நீண்ட நோக்கு தந்த முடிவுகள்

ஓவியத்தைத் தொடாமல் நெடிது நோக்கியவர்களின் முடிவுகள் பிற்காலத்தில் ஆய்வின் போக்கையே மாற்றின. வால்டர் ஸ்பிங்க் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் வந்து தங்கிக் குகைகளை ஆராய்ந்தார். அறைக்கதவின் சுழலச்சுக் குழிகள் எவ்வாறு படிப்படியாக மாறின, எந்த வேலை எந்நிலையில் கைவிடப்பட்டது என்பன போன்ற நுண்தடயங்களைக் கொண்டு, இரண்டாம் கட்டப் பணி முழுவதும் ஏறத்தாழ கி.பி. 460–480 என்னும் குறுகிய காலத்தில் நிகழ்ந்தது என நிறுவ முயன்றார். இக்காலவரையறையை எல்லாரும் ஏற்றிலர். ஆயினும், அதனை மறுப்பவரும் அவர் திரட்டிய தடயங்களுக்கு விடைகூற வேண்டியுள்ளது.

டீட்டர் ஷ்லிங்லாஃப் ஓவியக் கதைகளை நூற்சான்றுகளோடு ஒப்பிட்டு அடையாளங்கண்டார். 17ஆம் குகையின் வெசந்தரக் கதை போன்ற நெடுங்கதைகளில் நிகழ்ச்சிகள் காலவரிசையில் அமைவதில்லை. அரண்மனையில் நிகழ்ந்தவை ஓரிடத்திலும் காட்டில் நிகழ்ந்தவை வேறோரிடத்திலும் தொகுக்கப்படுகின்றன. இவ்வமைப்பை உணரச் சுவரின் முன் நடந்தும் நின்றும் திரும்பியும் பார்த்தல் வேண்டும். நிழற்படத்தில் துண்டாகக் காண்பவருக்கு அது புலப்படுவதில்லை.

5. இன்றைய களஆய்வாளர்க்கு

அவுரங்காபாத்திலிருந்து (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) அஜந்தா ஏறத்தாழ 100 கி.மீ.; ஜள்காவ் தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. முதல் வழியில் வருவோர் ஒரு பகலின் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிக்க நேர்கிறது. தனியார் வண்டிகள் நான்கு கி.மீ. முன்பாகவே நிறுத்தப்படுகின்றன, அதன்பின் அரசுப் பேருந்தே செல்லும். திங்கட்கிழமைகளில் குகைகள் மூடப்பட்டிருக்கும். சிறந்த ஓவியங்களையுடைய 1, 2, 16, 17 ஆகிய குகைகளில் ஒரே வேளையில் உள்ளிருப்போர் எண்ணிக்கையும் விளக்கொளியும் மட்டுப்படுத்தப்பட்டுள்ளன. மின்னொளிப் படப்பிடிப்புக்குத் தடை உண்டு.

இந்நிலையில் ஆய்வாளர்க்கு ஏற்ற தங்கிடம், ஹெரிங்காம் குழுவினர் தேர்ந்த அதே பர்தாப்பூர்தான். அங்கு மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உள்ளது. அங்கிருந்து தொடர்ந்து மூன்று நாட்கள் செல்லுதல் தக்கது. முதல்நாள் எதிர்க்குன்றின் காட்சிமுனையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் கண்டு, நீர்த்தொட்டி, படிவழி, ஆற்றின் போக்கு ஆகியவற்றைப் பதிவுசெய்யலாம். இரண்டாம் நாளை 9, 10, 12 முதலிய முற்காலக் குகைகளுக்கும் 19, 26ஆம் குகைகளுக்கும் ஒதுக்கலாம். ஓவியக் குகைகளை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொண்டால், கூட்டம் சேருமுன் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையுமாக ஒரே சுவரை இருமுறை காண இயலும். யஸ்தானியின் பதிவுகளையும் ஷ்லிங்லாஃபின் கதைவரைபடங்களையும் முன்னரே பயின்று செல்வோர்க்கு உள்ளே கிடைக்கும் சில நிமிடங்களே போதிய பயன் தரும். குளிர்காலம் பணிக்கு எளிது; எனினும், அருவி விழும் மழைக்காலத்தில் ஒருமுறையேனும் சென்றவர்க்கே இது ஏன் கார்காலப் பள்ளியாயிற்று என்பது விளங்கும்.

முடிவுரை

அஜந்தா தங்குவதற்கென அமைந்த இடம் என்பதை அதன் கற்படுக்கையும் நீர்த்தொட்டியும் கல்வெட்டும் காட்டுகின்றன. கில் முதல் ஸ்பிங்க் வரை அதனை விளங்கிக்கொண்டவர்கள் அருகில் தங்கியவர்களே. அவர்களுட் சிலரின் கைபட்டே ஓவியம் சிதைந்தது என்பதும் உண்மை. மூச்சின் ஈரமும் விளக்கின் ஒளியும் சுவரைத் தாக்குவன ஆதலின், குகைக்குள் செலவிடும் நேரத்தைக் குறைத்தலும் குகைக்கு வெளியே தங்கும் நாட்களை மிகுத்தலும் இன்றைய ஆய்வாளர்க்குரிய நெறியாகும். பல்கலைக்கழகத் துறைகள் ஏற்பாடு செய்யும் கல்விச்சுற்றுலாக்களில் அஜந்தாவுக்கு ஒரு பகல் ஒதுக்கும் வழக்கம் மாறி, பர்தாப்பூரில் மூன்றிரவு தங்கும் திட்டம் இடம்பெறுமாயின், மாணவர் பெறும் பயிற்சியும் ஓவியங்கள் பெறும் பாதுகாப்பும் ஒருங்கே கைகூடும்.