எல்லாக் கண்ணுக்கும் லேசர் இல்லை

கண்ணாடியைக் கழற்றிவிட லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, அது பாதுகாப்பானதா என்பதைத்தான். விளம்பரங்களில் பதில் தயாராக இருக்கிறது: செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்தி. அந்த எண் பொய்யில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) மற்ற அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்தி, 2017இல் வெளியான 'ப்ரவுல்' ஆய்வுகளும் ஏறத்தாழ அதையே சொல்லின. ஆனால் திருப்தி அடைந்த அந்த 95 பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் பரிசோதனையில் தேறியவர்கள். கருவிழி மெலிந்தவர்கள், அதன் வடிவம் கோணலாக இருப்பவர்கள், பவர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்கள், கண் வறட்சி கடுமையாக உள்ளவர்கள் எல்லாரும் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு உள்ளே போனவர்களின் கணக்கு அது. லேசர் கருவிக்கு எழுதப்படும் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல், 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிய மருத்துவர்களுக்கு உரியது. அப்படித் திருப்பி அனுப்பும் பழக்கம் இல்லாத இடத்தில் அந்தச் சதவீதத்தை நம்பி உட்கார முடியாது.

கருவியைச் சந்தேகிக்கக் காரணம் குறைவு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் 1981இல் எக்ஸைமர் லேசரைத் திசுவின் மீது பாய்ச்சிப் பார்த்தார். விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சிதான் சோதனைப் பொருள். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தை மட்டும் நீக்கியது; பக்கத்துத் திசு கருகவில்லை. கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். கண்டுபிடித்த மூவருக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2013இல் அதிபர் ஒபாமா வழங்கினார். இந்த லேசரின் ஒரு துடிப்பு எடுப்பது மைக்ரானில் ஏறத்தாழ கால்பங்கு. எடுக்கச் சொன்னதைப் பிசகாமல் எடுக்கும். எடுக்கலாமா என்பது அதற்குத் தெரியாது.

அந்த 'எடுக்கலாமா'வுக்குப் பின்னால் இருப்பது எளிய கழித்தல் கணக்கு. கண்ணின் குவியத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வளைவில் இருக்கிறது. கிட்டப்பார்வையைச் சரிசெய்ய அந்த வளைவைத் தட்டையாக்க வேண்டும். அதற்கு நடுவில் திசுவைக் குறைக்க வேண்டும். கருவிழியின் நடுத்தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். லேசிக் முறையில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள மடல் ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி, மடலை மறுபடி மூடுவார்கள். ஒரு டயாப்டர் பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் போகும். மூடிய மடல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு கிடையாது. பாரம் முழுவதும் அடியில் மிஞ்சும் திசுவின் மேல்தான். அது குறைந்தது 250 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வரையறை. எச்சரிக்கையான மருத்துவர்கள் 300 வேண்டும் என்பார்கள். 540 மைக்ரான் கருவிழியும் மைனஸ் 4 பவரும் உள்ளவருக்கு மடலுக்கு 110, லேசருக்கு 56 போக 374 மிஞ்சும். 490 மைக்ரானும் மைனஸ் 9 பவரும் உள்ளவருக்கோ 110, 126 போக மிஞ்சுவது 254. இருவரும் பார்த்தது ஒரே விளம்பரம், இருவருக்கும் சொல்லப்பட்டது ஒரே கட்டணம். ஆனால் இரண்டாமவருக்கு எல்லாம் சரியாக நடந்தாலும் அவர் கோட்டின் மேல்தான் நிற்கிறார்.

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் பார்க்க வேண்டும். கருவிழி மெல்ல மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் 'கெரட்டோகோனஸ்' என்ற நோய் தெற்காசியாவில் அரிதல்ல. பதின்பருவத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் சிலிண்டர் பவர் ஏறுவதாக மட்டும் வெளியில் தெரியும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பவர்களிடமும், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருப்பவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. இந்த நோயின் ஆரம்ப நிலையில் உள்ள கருவிழியில் லேசர் பாய்ச்சினால் அது வலுவிழந்து புடைக்கும். சிலருக்கு இறுதியில் கருவிழி மாற்று அறுவை வரை போகும். கருவிழியின் முன்புறம், பின்புறம் இரண்டையும் வரைபடமாக்கும் டோபோகிராபி, டோமோகிராபி பரிசோதனைகள் இதைக் கண்டுபிடிக்கத்தான். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதை ஒன்றிரண்டு வாரமாவது, கடின லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள், கழற்றி வைத்த பிறகே இந்த அளவுகளை எடுக்க வேண்டும். லென்ஸின் அழுத்தம் கருவிழியின் உருவத்தையே மாற்றிக் காட்டும். காலையில் பரிசோதனை, மாலையில் லேசர், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்று எங்காவது சொன்னால், அங்கே தள்ளுபடி செய்யப்படுவது இந்தப் பரிசோதனைதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பணம் என்றதும் இந்தியாவுக்கே உரிய ஒரு முரண் நினைவுக்கு வருகிறது. இங்கே மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குப் பட்டியலில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பவர் திருத்தம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த அளவைத் தாண்டினால் பாலிசி கைகொடுக்கக் கூடும். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அது நியாயம்: குறைந்த பவருக்குச் செய்வது அழகுக்காக, அதிக பவருக்குச் செய்வது தேவைக்காக. கருவிழியின் பார்வையில் அப்படியே தலைகீழ். காப்பீடு கதவைத் திறக்கும் இடத்தில்தான் லேசர் அதிகத் திசுவைத் தின்னத் தொடங்குகிறது. 'கிளைம் கிடைக்குமாம்' என்பதற்காக மைனஸ் 8 உள்ளவர் லேசிக்குக்குக் கிளம்புவது சரியான காரணம் ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருவிழியைச் செதுக்காமல், கண்ணின் இயற்கை லென்ஸுக்கு முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்தும் ஐசிஎல் முறை பல நேரங்களில் பொருத்தமாக இருக்கும். தேவைப்பட்டால் அதை எடுத்துவிடலாம். ஆனால் அது கண்ணுக்குள்ளே செய்யும் அறுவை. கண்புரை, கண் அழுத்தம் என்று அதற்கும் தனிச் சிக்கல்கள் உண்டு.

தேறியவர்களிலும் எல்லாருக்கும் எல்லாம் சீராக முடிவதில்லை. அதே ப்ரவுல் ஆய்வுகளில், சிகிச்சைக்கு முன் பார்வைத் தொந்தரவு எதுவும் இல்லாதிருந்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேல், மூன்று மாதம் கழித்து ஏதாவது ஒரு புதிய தொந்தரவைச் சொன்னார்கள்: விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், இரட்டை உருவம் போன்றவை. கண் வறட்சி இல்லாதிருந்தவர்களில் 30 சதவீதம் வரை வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவு சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திருப்தி 95, புதிய தொந்தரவு 40 என்பது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. மைனஸ் 5 கண்ணாடியில்லாமல் கடிகாரம் தெரிகிறது என்றால், இரவில் ஒளிவட்டத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டிய தொழிலில் இருப்பவர் நிலை வேறு. இரவு முழுவதும் எதிர் வரும் ஹெட்லைட்டைப் பார்த்து வண்டி ஓட்டுபவருக்கும், குளிரூட்டிய அறையில் பத்து மணி நேரம் திரையைப் பார்த்தபடி கண் சிமிட்ட மறக்கும் மென்பொருள் ஊழியருக்கும் இதே எண்கள் வேறு எடையுள்ளவை. கருவிழி நரம்புகள் அறுபடுவதால் வரும் வறட்சி பெரும்பாலானோருக்கு ஆறு மாதம், ஓராண்டில் குறையும். ஏற்கெனவே காய்ந்த கண்ணோடு போகிறவர் அந்தப் பெரும்பாலானோரில் சேர்வார் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

வயதைப் பற்றி மருத்துவமனைகள் ஒரு பக்கம்தான் அதிகம் பேசுகின்றன: 18 முடிந்திருக்க வேண்டும், ஓராண்டாகப் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். மறுபக்கம் 40ஐ ஒட்டி வருகிறது. அந்த வயதில் கண்ணின் லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து தொடங்கும். அதை லேசிக் தடுக்காது. மைனஸ் 2, 3 பவர் உள்ளவருக்கு இயற்கை தந்த ஒரு சலுகை உண்டு: கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிக்கலாம். 39 வயதில் லேசிக் செய்துகொண்டால் அந்தச் சலுகை போய், தூரக் கண்ணாடிக்குப் பதில் படிக்கும் கண்ணாடி வந்து சேரும். 23 வயதுக்காரருக்குப் பதினேழு ஆண்டு விடுதலை தரும் அதே செலவு இவருக்கு ஒன்றிரண்டு ஆண்டுதான் தருகிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் பக்கத்துக்கும் அமைக்கும் மோனோவிஷன் முறை உண்டு. எல்லார் மூளையும் அதற்கு இணங்காது என்பதால், கான்டாக்ட் லென்ஸில் சில நாள் ஒத்திகை பார்க்காமல் அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

நம் வீடுகளில் இந்த முடிவை உடல் நிலை எடுப்பதைவிடக் காலண்டர் எடுப்பதே அதிகம். கல்யாணப் பேச்சு, உடல்தகுதித் தேர்வு, வெளிநாட்டு விசா. பவர் நிலைப்படக் காத்திருக்க வேண்டியவர் தை மாத முகூர்த்தத்துக்காக ஓடுகிறார். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் மாறக்கூடும் என்பதால் அப்போது செய்யவே கூடாது. வேலைக்காகச் செய்பவர்கள் முதலில் அந்த வேலையின் அறிவிப்பைப் படிக்க வேண்டும். சில பணிகள் நிபந்தனையோடு ஏற்கின்றன. ரயில்வேயில் லோகோ பைலட் பணிக்கோ லேசிக் செய்தவர்கள் தகுதி இழக்கிறார்கள். தகுதி பெறச் செய்த சிகிச்சையே தகுதியைப் பறிக்கும் நிலை இது.

'அவ்வளவு நல்லது என்றால் அந்த டாக்டர் ஏன் இன்னும் கண்ணாடி போட்டிருக்கிறார்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. லேசர் பார்வைத் திருத்தம் செய்யும் மருத்துவர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், சரிசெய்யத்தக்க குறைபாடு உள்ளவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் தாங்களே அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேரின் மூக்கில் இருப்பது வெள்ளெழுத்துக் கண்ணாடியாகவும் இருக்கலாம். இன்னொரு வாதம் கனமானது: கண்ணாடி வேண்டாம் என்பவர் லென்ஸுக்குப் போகிறார், அதிலும் ஆபத்து இருக்கிறதே? இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸோடு தூங்குபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 20 பேர் அளவில் கருவிழித் தொற்று வருவதாக ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பகலில் மட்டும் அணிபவர்களிடம் இது பத்தில் ஒரு பங்கு. லென்ஸைக் கழற்றாமல் தூங்கும் பழக்கமுள்ளவருக்கு, தேறிய கண் என்றால், லேசர்தான் நிதானமான தேர்வு. இதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. மடலே இல்லாத ஸ்மைல் வந்த பிறகு இந்தத் தடிமன் கணக்கெல்லாம் பழசு என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. சிறு துளை வழியாகத் திசுத் தகட்டை உருவி எடுக்கும் அந்த முறையில் முதல் சில மாத வறட்சி குறைவு. மடல் நகரும் பயமும் இல்லை. ஆனால் திசு போவது போவதுதான். கெரட்டோகோனஸ் உள்ளவருக்கு அதுவும் ஆகாது. மேல் தோலை மட்டும் அகற்றிச் செய்யும் பழைய பிஆர்கே முறை மூன்று நான்கு நாள் வலி தந்தாலும், கண்ணில் அடிபட வாய்ப்புள்ள வேலையில் இருப்பவருக்கும் கருவிழி சற்று மெல்லியவருக்கும் இன்றும் அதுவே மேல்.

லேசர் தொடாத ஒன்றும் உண்டு. கிட்டப்பார்வையில் கண் பந்து நீளமாக இருக்கிறது. கருவிழியைத் தட்டையாக்கியதால் அந்த நீளம் குறைந்துவிடாது. விழித்திரை கிழியும், பிரியும் அபாயம் முன்புபோலவே இருக்கும். அதனால் அதிக பவர் இருந்தவர்கள் கண்ணாடியைத் தூக்கிப் போட்ட பிறகும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கருவிழி மெலிந்தபின் வழக்கமான கருவி கண் அழுத்தத்தை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். லேசிக் செய்ததைச் சொல்லாவிட்டால் குளுக்கோமா கண்ணில் படாமல் நழுவலாம். 60 வயதில் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் சூத்திரங்களும் மாற்றப்பட்ட கருவிழியில் தடுமாறும். புதிய சூத்திரங்கள் இதைப் பெருமளவு சமாளிக்கின்றன என்றாலும், சிகிச்சைக்கு முந்தைய பவரும் கருவிழி அளவுகளும் கையில் இருந்தால் மருத்துவரின் வேலை எளிதாகும். பில்லோடு டோபோகிராபி வரைபடம், தடிமன் அளவு, எடுத்த திசுவின் அளவு ஆகியவற்றின் நகலையும் அன்றே கேட்டு வாங்கி, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அந்த மருத்துவமனையில் அவை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.