வீட்டுத் தொட்டியில் வாட்டர்கிரெஸ்: இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் அறிய வேண்டியவை

இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கால் சிரைகளில் இரத்தக்கட்டி ஏற்பட்டுச் சிகிச்சை பெறுபவர்களும் எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி, “கீரை சாப்பிடலாமா?” என்பதாகும். அண்மைக் காலமாக இக்கேள்வியில் புதிய பெயர் ஒன்றும் சேர்ந்துள்ளது. அது வாட்டர்கிரெஸ். மாடியிலும் பால்கனியிலும் காய்கறி வளர்ப்போரிடையே இச்செடி மெல்லப் பரவி வருகிறது. இதனை எவ்வாறு வளர்ப்பது, யார் எவ்வளவு உண்ணலாம், யார் முன்னதாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இது என்ன கீரை?

வாட்டர்கிரெஸ், கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் இயல்பாக வளரும். இலையை மெல்லும்போது கடுகைப் போன்ற காரம் நாவில் தெரியும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1808ஆம் ஆண்டு முதல் இது வணிக முறையில் பயிரிடப்பட்டது. நாட்டு மருந்துக் கடைகளில் ‘ஹலீம்’ என்ற பெயரில் விற்கப்படும் விதை இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2014ஆம் ஆண்டு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் வெளியான, 41 காய்கறிகளும் பழங்களும் கொண்ட தரவரிசையில் வாட்டர்கிரெஸ் முதலிடம் பெற்றது. அதன் பின்னரே இதன் புகழ் பெருகியது. அத்தரவரிசை, ஒரு கலோரிக்கு எவ்வளவு சத்து கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டது. 100 கிராம் வாட்டர்கிரெஸ்ஸில் ஏறத்தாழ 95 கிராம் நீரே. கலோரி 11 மட்டுமே. எனவே மதிப்பெண் உயர்ந்தது. இது நல்ல கீரை என்பதில் ஐயமில்லை; ஆயினும் நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. இதன் காரத்திற்குக் காரணமான வேதிப்பொருள் புற்றுநோய் தொடர்பான ஆய்வுகளில் ஆராயப்பட்டு வருகிறது. அதனைக் காரணம் காட்டி எவரும் சிகிச்சையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

வைட்டமின் கேயும் மாத்திரையும்

100 கிராம் வாட்டர்கிரெஸ்ஸில் ஏறத்தாழ 250 மைக்ரோகிராம் வைட்டமின் கே உள்ளது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவில், ஏறத்தாழ 75 மைக்ரோகிராம் கிடைக்கும். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் போதுமெனக் கருதப்படும் அளவு 120 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 90.

இரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களை நம் கல்லீரல் வைட்டமின் கேயின் துணையுடன் உருவாக்குகிறது. வார்ஃபரின், அசினோகௌமரால் ஆகிய மாத்திரைகள் இவ்வைட்டமினின் செயலை மட்டுப்படுத்தி, இரத்தம் எளிதில் உறையாதவாறு காக்கின்றன. இதனைத் தராசாக எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டில் மாத்திரை. மறு தட்டில் உணவிலுள்ள வைட்டமின் கே. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை, தராசு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. நீங்கள் வழக்கமாக உண்ணும் உணவுக்கு ஏற்பவே உங்கள் மாத்திரையின் அளவை நாங்கள் நிர்ணயிக்கிறோம்.

ஆகவே கீரையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. அளவு திடீரென மாறுவதே ஆபத்து. வீட்டில் வளர்ப்பவர்கள் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் கீரை ஆண்டு முழுவதும் ஓரளவு சீராகக் கிடைக்கும். வீட்டுத் தொட்டி அவ்வாறன்று. குளிர்காலத்தில் வாட்டர்கிரெஸ் தழைத்துப் பெருகும். வீணாகக் கூடாதே என்று வீட்டார் தினமும் பறித்து உண்பர். அப்போது ஐ.என்.ஆர். குறைந்து, செயற்கை வால்விலோ சிரையிலோ இரத்தம் உறையக்கூடும். பங்குனி வெயிலில் செடி வாடியதும் கீரை ஒரே வாரத்தில் நின்றுவிடும். இடையில் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருந்தால், இப்போது ஐ.என்.ஆர். உயர்ந்து இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். ஆதலால் தொடங்கும்போது மட்டுமன்றி, நிறுத்தும்போதும் எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

பாலக்கீரை, முளைக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான் ஆகிய புதிய மாத்திரைகளுக்கு வைட்டமின் கே தொடர்பான இக்கட்டுப்பாடு இல்லை. தாம் உட்கொள்வது எந்த மாத்திரை என்பதை நோயாளியும் உடனிருப்பவரும் அறிந்திருத்தல் அவசியம்.

வளர்க்கும் முறை

சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்கள் ஏற்றவை. மலைப்பகுதிகளில் இன்னும் நீண்ட காலம் வளர்க்கலாம். காலை வெயில் மட்டும் படும் இடம் போதுமானது.

விதையை ஈரமான மண்ணின் மேற்பரப்பில் தூவி, மிக மெல்லிய மண்படலத்தால் மூடினால் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளைக்கும். நம்பகமான கடையில் வாங்கிய தண்டு இருப்பின், விரல் நீளத்திற்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, தம்ளர் நீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர்விடும். பின்னர் தோட்டமண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவை கலந்த தொட்டியில் நட்டு, அத்தொட்டியை இரண்டு விரற்கடை நீருள்ள தட்டில் வைக்க வேண்டும். செடி ஒரு சாண் உயர்ந்ததும், அடியில் சிறிது தண்டை விட்டு நறுக்கினால் மீண்டும் துளிர்க்கும். பூத்த பின் இலை கசக்கும்.

இரண்டு வாரத்திற்கு ஒரு தொட்டி என்னும் முறையில் இடைவெளி விட்டு நடுங்கள். அறுவடை ஒரே நேரத்தில் குவியாது. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு கிடைக்கும். இது செடிக்கும் நல்லது, உங்கள் ஐ.என்.ஆருக்கும் நல்லது.

நீரின் தூய்மை

ஓடையிலும் வாய்க்காலிலும் தானாக வளர்ந்த வாட்டர்கிரெஸ்ஸைப் பறித்துப் பச்சையாக உண்ணக் கூடாது. ஆடு, மாடுகளின் சாணத்தின் வழியே நீரில் கலக்கும் கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டைகள் பொரிந்து, நீர்நத்தைகளுக்குள் வளர்ந்து, பின்னர் நீர்த்தாவரங்களின் இலைகளில் கண்ணுக்குப் புலப்படாத உறைகளாக ஒட்டிக்கொள்கின்றன. வெறுமனே கழுவுவதால் இவை முழுமையாக நீங்கா. நன்கு வேகவைத்தால் மடியும். உலக அளவில் குறைந்தது 24 இலட்சம் மக்கள் இப்புழுவால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

வீட்டில் வளர்ப்பதன் பெரும் பயன், நீர் நம் கட்டுப்பாட்டில் இருப்பதே. குடிநீரையே ஊற்றுங்கள். பாத்திரம் கழுவிய நீரும் பச்சைச் சாணமும் வேண்டாம். ஓடையிலிருந்து எடுத்த தண்டை நடுவதையும் தவிருங்கள்.

மற்றொரு எச்சரிக்கை டெங்கு பற்றியது. தேங்கிய தூய நீரே ஏடிஸ் கொசுவிற்கு விருப்பமான இடம். தட்டு நீரைத் தினமும் மாற்றுங்கள். கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைக் காலிசெய்து, நாரால் நன்கு தேய்த்துக் கழுவுங்கள். இதற்கு நேரமில்லாத வீட்டில், நீர்த்தட்டை விடுத்து, தொட்டிமண்ணைக் காலையும் மாலையும் நனைப்பதே பாதுகாப்பானது.

மேலும் கவனிக்க வேண்டியோர்

கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோரும் இதனைப் பச்சையாக உண்ணாமல் வேகவைத்தே உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளிகள், 100 கிராமில் ஏறத்தாழ 330 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதை நினைவில் கொண்டு, உணவியல் வல்லுநரிடம் அளவைக் கேட்டறிய வேண்டும். சாறு பிழிந்து பருகுவது யாவருக்கும் உகந்ததன்று. கைப்பிடி அளவில் நிற்க வேண்டியது, குவளை வடிவில் பல மடங்காகிவிடும்.

நினைவில் கொள்க

• வார்ஃபரின் அல்லது அசினோகௌமரால் உட்கொள்வோர், புதிய கீரையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• தொடங்கிய பின்னும், நிறுத்திய பின்னும் ஓரிரு வாரங்களுக்குள் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளவும்.
• வாரந்தோறும் ஒரே அளவு உண்ணவும். கீரை உண்டதற்காக மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.
• ஈறுகளில் இரத்தம், கருமையான மலம், சிவந்த சிறுநீர், காரணமின்றித் தோன்றும் இரத்தக்கட்டு ஆகியவை இரத்தக்கசிவின் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்கு வரவும்.
• திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை இரத்தம் உறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதியாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு வரவும்.

அடுத்த முறை வரும்போது, ஐ.என்.ஆர். குறிப்பேட்டில் மாத்திரையின் அளவுக்கு அருகிலேயே அவ்வாரம் உண்ட கீரையின் பெயரையும் அளவையும் எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.