பத்தியமும் மாத்திரையும்

முப்பது வருடத்துக்கு முன், கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் மாரடைப்பு வந்தவர் பிழைத்து வீடு திரும்பினால், முதலில் மாறியது அடுப்படிதான். தேங்காயெண்ணெய் நின்றது. முட்டை நின்றது. தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு நின்றது. அவருக்குத் தனிச் சட்டி, உப்புச் சப்பில்லாத சோறு. மறுபடி நெஞ்சு வலித்தால் எர்ணாகுளம் போகப் படகு வேண்டும், இல்லையென்றால் வடக்கே பறவூர் வழியாகச் சுற்ற வேண்டும். தீவை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-இல்தான் வந்தன.

அத்தனை பத்தியத்துக்கும் கொழுப்பு ஓரளவே இறங்கியது. காரணம், ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் பெரும்பங்கை ஈரலே உண்டாக்குகிறது. ஸ்டாட்டின் மாத்திரை அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. ஈரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. வட ஐரோப்பாவில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சோதித்த முடிவு 1994-இல் வெளியானது: மாத்திரை எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைவு.

கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 200 இதய நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்குத் தேங்காயெண்ணெய், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய் என இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கேட்டுத் தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரு தரப்பும் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு அலசலில், மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி கூட்டியது. அதற்காகச் சாளையை விட வேண்டாம். எண்ணெயில் பொரிப்பதைக் குறைத்தால் போதும்.

இன்று என்னைக் கவலைப்பட வைப்பது ரத்தப் பரிசோதனைத் தாள். எல்டிஎல் 96, பக்கத்தில் ‘100-க்குக் கீழ்’ என்று அச்சாகியிருக்கும். “நார்மல் ஆயிடுச்சே” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த 100 நோயில்லாதவருக்கான அளவு. இதய நோயாளிக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்: அளவை மாற்றலாம், வேறு ஸ்டாட்டினுக்குப் போகலாம், எசெட்டிமைப் என்ற வேறு மாத்திரையைச் சேர்க்கலாம். அதற்கும் இறங்காதவர்களுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகூட வந்துவிட்டது.