ஹார்ட் டிஸ்க்கின் உடைந்த நாக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய கேபினெட்டில் இருந்து 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றும்போது கேபிளைக் கொஞ்சம் கோணலாக இழுத்துட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். டிஸ்க்கோடு இருக்கவேண்டிய கறுப்பு பிளாஸ்டிக், கேபிளோடு கையில் வந்துடுச்சு. டிஸ்க் பக்கம் பார்த்தால், மெல்லிய தங்க நிறக் கம்பிகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன.

அதில் இருந்தது செங்கம், தருமபுரி பக்கம் பல வருஷமாக அலைந்து எடுத்த நடுகல் படங்கள். பெரும்பாலானவற்றுக்கு நகல் உண்டு. கடைசி இரண்டு பயணங்களுக்கு மட்டும் இல்லை. 'அப்புறம் பண்ணிக்கலாம்' என்று விட்டது. அதில் ஓடைக்கரையில் பாதி புதைந்து கிடந்த கல் ஒன்று. அடுத்த வருஷம் போனபோது அந்த இடத்தில் கல்லே இல்லை. அதன் வரிகளை நான் இன்னும் முழுசா படித்து முடிக்கவில்லை. படம் போனால் அந்த வரிகளும் போச்சு.

பயந்து போகிறவர்களுக்காக முதலில் ஒன்று: கனெக்டர் உடைந்தால் உள்ளே இருக்கும் தகவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசற்கதவுதான் உடைந்திருக்கு, வீடு அப்படியே இருக்கு. கதவைச் சரிபண்ணுகிறேன் என்று வீட்டை இடிக்காமல் இருந்தால் போதும்.

சாட்டா கனெக்டரில் இரண்டு நாக்குகள். சின்னதில் 7 பின், டேட்டாவுக்கு. பெரியதில் 15 பின், மின்சாரத்துக்கு. பிளாஸ்டிக் நாக்கு வெறும் தாங்குபலகை. பின்கள் அதன் மேல் வரிசையாகப் படுத்திருக்கும். வேலை பார்ப்பது பின்கள்தான். இந்தக் கனெக்டரை அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காக வடிவமைக்கவே இல்லை. கேபினெட்டுக்குள் போடும் சாதாரண கேபிள் இணைப்புக்குத் தர அளவே 50 தடவைதான். நான் அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருப்பேன்.

உடைந்தது மின்சார நாக்கு என்றால் ஜாக்கிரதை ரொம்ப வேணும். அங்கே 3.3, 5, 12 வோல்ட் பின்கள் கூட்டம் கூட்டமாக, நடுநடுவே கிரவுண்ட் பின்களோடு நெருக்கமாக நிற்கும். ஒன்று வளைந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டே போய்விடும். என் அதிர்ஷ்டம், உடைந்தது டேட்டா நாக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காட்டினேன். "போர்டை மாத்திடலாம் சார், அதே மாடல் ஒண்ணு கிடக்கு" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துட்டேன். ஒரு காலத்தில் இது நடக்கும். இப்போதைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கு ஏற்ப ஆலையிலேயே அளந்து எழுதிய அளவுகள் போர்டில் ஒரு சின்ன ராம் சிப்பில் இருக்கும். ஞாபகத்துக்கு வரும் ரேம் இல்லை இது, அழியாத ரீட் ஒன்லி வகை. வேறு டிஸ்க்கின் போர்டை அப்படியே மாட்டினால் பெரும்பாலும் டிஸ்க் சுற்றும், ஆனால் படிக்காது. பழைய சிப்பை எடுத்துப் புதுப் போர்டில் சால்டர் பண்ணணும். சில மாடல்களில் அது தனிச் சிப்பாகவே இருக்காது, பிரதானச் சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கும். ஒரு நாக்குக்காக இவ்வளவு தூரம் போகணுமா?

நான் செய்தது எளிய வழி. உடைந்த பிளாஸ்டிக்கை கேபிளில் இருந்து எடுக்கவே இல்லை. அது பின்கள் படுக்கவேண்டிய பள்ளங்களோடு அச்சாக உள்ளே உட்கார்ந்திருக்கு. அதைவிட நல்ல தாங்குபலகை எங்கே கிடைக்கும்? பூதக்கண்ணாடியை வைத்து, தையல் ஊசியால் பின்களை ஒவ்வொன்றாக நேராக்கினேன். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பண்ணின வேலை. அப்படியும் ஓரத்தில் இருந்த 7-ஆவது பின் முறிந்தே போச்சு.

அங்கேதான் கொஞ்சம் படிப்பு உதவியது. ஏழில் 1, 4, 7 மூன்றும் கிரவுண்ட்; 2-3 ஒரு ஜோடி, 5-6 இன்னொரு ஜோடி. மல்டிமீட்டரில் பார்த்தால் மூன்று கிரவுண்டும் போர்டில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஒரு ஓரம் போனாலும் தற்காலிகமாகச் சமாளிக்கும் என்று தோன்றியது. ஜோடிகளில் ஒன்று முறிந்திருந்தால் கதை வேறு: பழைய கேபிளை வெட்டி, கம்பிகளைப் போர்டின் பின் அடிகளில் நேராக சால்டர் பண்ணணும், ஜோடிக் கம்பிகள் ஒரே நீளமாக, முடிந்தவரை குட்டையாக.

பின்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கேபிளை மெதுவாகத் தள்ளி, வெளி ஓரங்களில் மட்டும் ஊசிமுனையால் சூப்பர் குளூ. அதிகம் ஊற்றினால் அதன் ஆவியே பின்கள் மேல் வெள்ளைப் படலமாகப் படியும், அதனால் துளித்துளியாக. இனி அந்த கேபிளுக்கும் டிஸ்க்குக்கும் பிரிவே கிடையாது.

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் லினக்ஸில் போட்டேன். பூட் ஆகும்போதே இணைப்பு வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைத்துவிட்டேன். ஒட்டுப்போட்ட இணைப்புக்கு அந்த வேகம் போதும். ஃபைல் மேனேஜரைத் திறந்து படங்களை இழுத்துப்போட ஆசைதான், ஆனால் செய்யலை. டிடிரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் வேறு ஒன்றுக்கு நகல் எடுத்தேன். எதுவரை படித்தது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும், நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அறுந்தது, ஒரு தடவை. ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணைப் பார்த்தேன். அது சிஆர்சி பிழைக் கணக்கு, கேபிள் வழியில் தகவல் சிதைந்தால் ஏறும். ஏறியிருந்தது. கனெக்டருக்கு அடியில் மடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகினேன். அப்புறம் அந்த எண் நகரவே இல்லை. மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

அந்த டிஸ்க் இப்போது அலமாரியில், வாலோடு. நகல் இரண்டு இடத்தில்.

ஓடைக்கரைக் கல்லின் படம் முழுசாகத் திறந்தது. மூன்றாவது வரியில் 'ப' என்று குறித்து வைத்திருந்த வட்டெழுத்து, பெரிதாக்கிப் பார்த்தால் 'வ' மாதிரி இருக்கு. அப்படியென்றால் அந்த ஊர்ப் பெயரே மாறுது. அதைப் பற்றித் தனியா எழுதணும்.