ஏக்கரில் வாங்கி கஜத்தில் விற்ற கதை



'டி.எல்.எஃப்.' என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. 2008 முதல் 2012 வரை ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்கு முன்னால் ஒட்டியிருந்த பெயர் அது. சென்னை மணப்பாக்கத்தில் அந்தப் பெயர் போட்ட பெரிய ஐ.டி. பார்க்கும் இருக்கிறது. ஆனால் அது டெல்லியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கம்பெனி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பில்டிங் எப்படிக் கட்டுவது என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நிலம் எப்படி வந்தது, பணம் எப்படி வந்தது என்பது சிலபஸில் கிடையாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாமனார் போட்ட அஸ்திவாரம்

1946-ல் சவுத்ரி ராகவேந்திர சிங் என்பவர் 'டெல்லி லேண்ட் அண்டு ஃபைனான்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. பாகிஸ்தான் பகுதியிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் வீடு வேண்டும். கம்பெனி நிலத்தை வாங்கி மனை போட்டு விற்றது. கிருஷ்ணா நகர், சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ், ஹவுஸ் காஸ் என்று இன்று டெல்லியில் பேர் பெற்ற பல காலனிகள் இப்படி உருவானவைதான்.

1957-ல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது. நகரத்தில் நில மேம்பாட்டை அரசே கையில் எடுத்துக்கொண்டது. தனியாருக்குக் கதவு அடைபட்டது. ஓகோ என்று ஓடிய தொழில் அப்படியே படுத்துவிட்டது.

மருமகன் பிடித்த வழி

ராகவேந்திர சிங்கின் மருமகன் கே.பி. சிங், ராணுவத்தில் குதிரைப்படைப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். உத்தரப் பிரதேச கிராமத்து விவசாயக் குடும்பம். டெல்லிக்குள் வழியில்லை என்றதும் எல்லையைத் தாண்டி ஹரியானாவைப் பார்த்தார். அங்கே 1975-ல் வந்த ஒரு சட்டம், லைசென்ஸ் வாங்கினால் தனியாரும் நகர் அமைக்கலாம் என்றது. குர்கான் அப்போது வெறும் புஞ்சைக் காடு. ரோடு இல்லை, தண்ணீர் இல்லை.

கம்பெனி கையில் பெரிய பணமும் இல்லை. பிறகு எப்படி 3,500 ஏக்கர் சேர்ந்தது? கே.பி. சிங் தன் சுயசரிதையில் இதை விவரமாகச் சொல்கிறார். விவசாயிகளின் வீட்டுக்கே போய் கட்டிலில் உட்கார்ந்து பேசுவாராம். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதில் கலந்துகொள்வாராம். நிலத்தின் விலையில் பெரும்பகுதியை அவர்களிடமே கடனாக வாங்கி, அதற்கு மாதா மாதம் வட்டி கொடுத்தாராம். வட்டி ஒரு நாளும் தவறாததால் ஊர் நம்பியது. பாங்க் கொடுக்காத கடனை விவசாயி கொடுத்தான்! 1981-ல் முதல் லைசென்ஸ் கிடைத்தது.

லாபம் எங்கே இருக்கிறது?

சர்வே படித்த நமக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம். ரோடு, பூங்கா, பள்ளிக்கூடம் என்று பாதி போனாலும் 2,420 கஜம் மனையாக மிஞ்சும். வாங்கும்போது ஏக்கர் விலை, விற்கும்போது கஜ விலை. இடையில் ஏறுகிற விலைதான் இந்தத் தொழிலின் உயிர். மனை புக்கிங் பணம் முன்கூட்டியே வந்துவிடும். அன்று அதிலேயே அடுத்த நிலத்தை வாங்க முடிந்தது.

1997-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி குர்கானில் அலுவலகம் திறந்து வேலை ஆரம்பித்தது. பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் வந்தன. புஞ்சை நிலம் கண்ணாடிக் கட்டடமானது. ஆனால் கட்டடம் வந்த வேகத்தில் சாக்கடையும் குடிநீரும் வரவில்லை. குர்கானுக்கு மாநகராட்சி அமைந்ததே 2008-ல்தான். இன்றும் ஒரு பெரிய மழை பெய்தால் ரோட்டில் தண்ணீர் தேங்குகிறது.

ஏற்றமும் இறக்கமும்

2007-ல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 525 ரூபாய் என்று 9,187 கோடி ரூபாய் திரட்டியது. 2008 ஜனவரியில் பங்கு 1,200 ரூபாயையும் தாண்டியது. உலகப் பொருளாதார நெருக்கடி வந்ததும் 2009-ல் 200-க்கும் கீழே போனது. பொதுமக்களிடம் பங்கு விற்ற பிறகும் முக்கால் பங்கு அளவுக்குக் குடும்பத்திடமேதான் இருக்கிறது. 2020-ல் மகன் ராஜீவ் சிங் தலைவர் ஆனார்.

இதற்கு நடுவே குர்கானில் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் கூட்டாகப் புகார் கொடுத்தார்கள். 19 மாடி என்று சொல்லி விற்றுவிட்டு 29 மாடி ஆக்கினார்கள், ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் கம்பெனிக்கே என்பது புகார். 2011-ல் போட்டி ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2014-ல் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது.

2016-ல் வந்த ரெரா சட்டத்தில் இப்படிப்பட்ட விஷயங்களுக்கெல்லாம் விதி இருக்கிறது. வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்காமல் பிளானில் பெரிய மாற்றம் செய்யக் கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

இதில் நமக்கு என்ன?

எங்க அப்பா கொத்தனார். அவர் கட்டின அடுக்குமாடிகள் பல. ஒன்றின் விலையும் அவருக்குத் தெரியாது. தாத்தா விட்டுப் போன எண்பது சென்ட் புஞ்சையை இப்போ ஒரு மனை கம்பெனி கேட்கிறது. "கொஞ்சம் இப்போ, மீதி மனை வித்த பிறகு" என்கிறார்கள். அப்பா காகிதத்தை என் கையில் கொடுத்து, "நீதாம்ப்பா படிச்சவன், பார்த்துச் சொல்லு" என்றார். வீட்டில் பத்திரம் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்தன்தான். மீதிப் பணம் எந்தத் தேதியில், தராவிட்டால் என்ன என்று அதில் ஒரு வரிகூட இல்லை. "அதை எழுதித் தந்தால் பேசுவோம்" என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

குர்கான் விவசாயிகள் கே.பி. சிங்கின் வாக்கை நம்பினார்கள். வட்டி ஒழுங்காக வந்தது, நல்லது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வாக்கு மனிதரோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் சைட் சூப்பர்வைசராக நிற்போம். "பிளானில் இல்லை, பரவாயில்லை, இன்னொரு மாடி ஏற்று" என்று முதலாளி சொல்லும் நாளும் வரலாம். அந்த மாடிக்கு அஸ்திவாரம் டிசைன் செய்யப்படவில்லை என்பது அந்த இடத்தில் முதலில் நமக்குத்தான் தெரியும். அதைச் சொல்லும் தைரியத்தையும் டிப்ளமோவோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு போவோம்!