புள்ளிக்குப் பின்னும் பத்தே

தொடக்கப் பள்ளி மாணவரிடம் 0.5, 0.45 ஆகிய இரண்டனுள் பெரியது எது என வினவின், பலர் 0.45 என்றே விடை பகர்வர். ஐந்தினும் நாற்பத்தைந்து பெரிதன்றோ என்பது அவர்தம் வாதம். முழு எண்களில் கற்ற உண்மையையே அவர்கள் இங்கும் பொருத்துகின்றனர். ஆதலின் இதனைக் கவனக்குறைவு எனக் கடிந்துகொள்வதில் பயனில்லை. கற்பிக்கும் முறையையே நாம் நோக்குதல் வேண்டும்.

222 என்னும் எண்ணில் மூன்றும் இரண்டுகளே; எனினும் அவற்றின் மதிப்பு வேறு. இடமிருந்து வலமாகச் செல்லுந்தோறும் ஒவ்வோர் இடமும் தனக்கு முந்தையதன் பத்தில் ஒரு பங்காகிறது: நூறு, பத்து, ஒன்று. இந்த ஒழுங்கு ஒன்றோடு நின்றுவிடுவதில்லை. ஒன்றைப் பத்தாகப் பகுத்தால் பத்தில் ஒன்று; அதனையும் பத்தாகப் பகுத்தால் நூறில் ஒன்று. ஒன்றாம் இடம் எங்கே முடிகிறது எனக் காட்டும் அடையாளமே புள்ளி. பத்தாம் நூற்றாண்டில் அல்-உக்லிதிசியும், 1427இல் நிறைவுற்ற தம் 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் அல்-காஷியும் இவ்வொழுங்கைப் பின்னங்களுக்கும் நீட்டிக் கையாண்டனர். 1585இல் ஸ்டீவின் இதனை ஐரோப்பாவில் பரவச் செய்தார்.

இவ்வுண்மையை மாணவர் கண்ணாற் காணவேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள காகித நாடாவை 'ஒன்று' எனக் கொள்வோம். அதனைப் பத்துச் சம பாகமாக்கினால் ஒவ்வொன்றும் 0.1, ஒரு பாகத்தை மீண்டும் பத்தாக்கினால் ஒவ்வொன்றும் 0.01. இனி 0.5 என்பது ஐந்து பெரும் பாகங்கள், 0.45 என்பது நான்கு பெரும் பாகங்களும் ஐந்து சிறு பாகங்களும். இரண்டையும் அருகருகே வைத்தால் எது நீளமானது என்பது விளக்கமின்றியே விளங்கும்.

ரூபாய்க் கணக்கு உதவுமெனினும் அதனை முதலில் எடுத்தல் நன்றன்று. ரூபாயும் பைசாவும் இரு வேறு முழு எண்களாகவே மாணவர்க்குத் தோன்றும், 2.5 ரூபாயை இரண்டு ரூபாய் ஐந்து பைசா எனப் படிப்போரும் உளர். அவ்வாறே, 0.45ஐப் 'புள்ளி நாற்பத்தைந்து' என வாசித்தலும் பிழைக்கு வழிகோலும். 'புள்ளி நான்கு ஐந்து' என வாசித்து, பத்தில் நான்கு, நூறில் ஐந்து என இடப்பெயரையும் சொல்லப் பழக்குதல் வேண்டும்.

குழந்தைக்கு 0.5 மில்லி மருந்து தரவேண்டிய இடத்தில் 5 மில்லி தந்தால் அளவு பத்து மடங்காகிவிடும். புள்ளியின் பொருளுணர்தல் தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று. நாளை ஆசிரியப் பணி ஏற்கவிருக்கும் மாணவ மணிகள், விதியை மனனம் செய்விக்கும் முன் ஒரு காகித நாடாவைக் கையிலெடுப்பார்களாக.